கொடித்துணி அட்டை போட்ட புத்தகம்

என் டிரங்குப் பெட்டியில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. அட்டை சிவப்புத் துணி. ரயில்வே யார்டில் சாயம் போய்க் கழித்துப்போட்ட கைக்கொடியை வெட்டி என் மனைவி தைத்தது. உள்ளே இருப்பது என் கையெழுத்து, எட்டாவதோடு நின்றவனின் கையெழுத்து. படங்கள் அவள் போட்டவை. அவள் வரைந்த மனிதர்களுக்குக் கழுத்தே இருக்காது. கடையில் கிடைக்காத புத்தகம் அது. எங்கள் மகளுக்காக நாங்களே செய்தோம்.

கல்கத்தா பக்கம் சாந்த்ராகாச்சி யார்டில் நான் பாயின்ட்ஸ்மேன். வண்டி எந்தத் தண்டவாளத்தில் போகவேண்டுமோ அந்த வழியை மாற்றிவிடுகிற வேலை. மகளுக்கு ஆட்டிசம் என்று ஏழு வயதில்தான் சொன்னார்கள். அது தொண்ணூறுகளின் கடைசி. டாக்குரியாவில் ஒரு சென்டருக்கு வாரம் ஒருநாள் மனைவி கூட்டிப்போவாள். ஹவுரா வரை ரயில், பிறகு பஸ். அங்கே ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்துத் தந்தார்கள். நாலு பேரோடு எப்படிப் பழகுவது என்று படம் போட்டுச் சொல்கிற புத்தகம். யோசனை நல்லதுதான். மகளுக்கு முகத்தைப் பார்த்து மனசு தெரியாது. எழுதியிருந்தால் படித்து அப்படியே செய்வாள். ஆனால் அதில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் கை குலுக்கினார்கள், கேக் வெட்டினார்கள். மனைவி புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இதுல நம்ம குவார்ட்டர்ஸ் எங்க இருக்கு? இவ யாரு கையக் குலுக்கப் போறா?" அன்றைக்கே நோட்டு வாங்கிவந்தாள். அவள் சொல்வாள், நான் எழுதுவேன். பக்கத்து வீட்டு மாஷிமாவின் கதவு திறந்திருந்தாலும் வெளியே நின்று கூப்பிடு. பஸ்ஸில் முன்னால் இருப்பவரின் பின்னலைத் தொடாதே. இப்படி. புத்தகம் பார்த்துத்தானா மனுஷர்களிடம் பழகுவார்கள் என்று காலனியில் சிரித்தார்கள். சிவப்பு காட்டினால் என்ன, பச்சை காட்டினால் என்ன என்று எங்களுக்கும் ரயில்வே எழுதித்தான் கொடுத்திருக்கிறது. அதற்கு யாரும் சிரிப்பதில்லை.

துர்கா பூஜை முடிந்து விஜயதசமி வரும். வீடு வீடாகப் போய்ப் பெரியவர்கள் காலைத் தொடுவார்கள், அவர்கள் மிஷ்டி என்று இனிப்பு கொடுப்பார்கள். அதற்கும் ஒரு பக்கம் எழுதினோம். மகளுக்கு அப்போது பதினொரு வயது. அந்த வருஷம் நான் தனியே போகிறேன் என்றாள். எங்கள் பிளாக்கில் ஒவ்வொரு வீடாக ஏறினாள். ஒரு தப்பு இல்லை. மேல்மாடியில் ஒரு வீடு. அந்த வீட்டுப் பெரியவர் செத்து எட்டு நாள். மகன் தைக்காத வெள்ளைத் துணி சுற்றி, வெறுங்காலோடு பாயில் உட்கார்ந்திருந்தார். தீட்டில் இருப்பவர் காலைத் தொடக் கூடாது. மகள் தொட்டாள். கையை நீட்டி, "மிஷ்டி எங்கே?" என்று கேட்டாள். கொடுக்கவில்லை என்பதால் திரும்பத் திரும்பக் கேட்டாள். உள்ளே பெண்கள் கதறினார்கள். யாரோ அவள் தோளைப் பிடித்து இழுத்துக் கீழே கொண்டுவந்து விட்டார்கள்.

பூஜை கமிட்டி செக்ரட்டரி வந்தார். மரியாதையாகத்தான், அண்ணன் முறை வைத்துத்தான் பேசினார். தாதா, பெண்ணை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருஷம் பந்தலுக்கும் வேண்டாம் என்றார். நான் தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன். அவர் போன பிறகு மனைவி என்னைப் பார்த்தாள்.

"பாயின்ட்டத் தப்பா மாத்திவிட்டா மெமோ உங்களுக்கா, இன்ஜினுக்கா?"

நோட்டை எடுத்து என் முன்னால் போட்டாள்.

"இழவு வீட்டுல பண்டிகை கிடையாதுன்னு நமக்குத் தெரியும்ல? எழுத மறந்தது நாம. புள்ளைய எதுக்குப் பூட்டணும்? பேனாவ எடுங்க."

எழுதினேன். ஒருவர் வெள்ளைத் துணியில் வெறுங்காலோடு இருந்தால் அந்த வீட்டில் சாவு. காலைத் தொடாதே. இனிப்பு கேட்காதே. பக்கத்தில் கொஞ்ச நேரம் நில். மறுநாள் காலை அவளே மகளை மேலே கூட்டிப்போனாள். தப்பு எங்கள் புத்தகத்தில், இவளிடம் இல்லை என்று வாசலில் சொன்னாள். மகள் போய் அந்த வெள்ளைத் துணிக்காரர் பக்கத்தில் நின்றாள். அவர் போகச் சொல்லவில்லை. அடுத்த பூஜைக்கு மனைவி மகளைப் பந்தலில் முன்வரிசையில் நிறுத்தினாள். செக்ரட்டரி கிட்டே வந்தார். "யாருக்குக் கஷ்டமோ அவங்க தள்ளி நிக்கட்டும்" என்றாள், தமிழிலேயே. அவருக்குப் புரிந்துவிட்டது.

ஆறு வருஷம் கழித்து மனைவி போய்ச் சேர்ந்தாள். மஞ்சள்காமாலை. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் ரயிலேறி வந்தார்கள். நான் வெள்ளை வேட்டியில், வெறுங்காலோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். மகள் வந்து என்னைப் பார்த்தாள். உள்ளே போய் நோட்டைப் புரட்டினாள். திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள். பெத்தவ போயிருக்கா, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல பாரு என்றாள் என் அக்கா. எங்காவது ஹோமில் சேர்த்துவிடு என்றாள். மேல்மாடிக்காரர் வந்தார். மகள் நிற்பதைப் பார்த்தார். உட்காரவில்லை. அவளுக்கு அந்தப் பக்கம் போய் அவரும் நின்றார்.

காலையில் நின்றவள் சாயங்காலம் வரை நின்றாள். கால் வீங்கிவிட்டது. கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு நேரம் என்று நாங்கள் எழுதவில்லை. பத்து நிமிஷம் என்று திருத்தி எழுது, இல்லையென்றால் இப்படித்தான் நிற்பாள் என்றாள் அக்கா.

மகள் எந்த ஹோமுக்கும் போகவில்லை. என்னோடுதான் இருக்கிறாள். நோட்டும் இருக்கிறது. அந்த வரியை நான் திருத்தவில்லை.