அலமாரிக்குப் பின்னால் ஒரு சக்கை

வேங்கிக்காலில் முள்ளுக்காடாகக் கிடந்த இடத்தில் முதல் வீடு கட்டியவன் நான். கிணறும் நானே வெட்டினேன். கொத்தனாரை நம்பாமல் சமையலறைச் சுவரையும் என் கையாலேயே எழுப்பினேன். படித்தது மூன்றாவதுதான்.

அந்தச் சமையலறைக்கு என் மருமகள் குறைந்த விலையில் மாடுலர் கிச்சன் வாங்கினாள். பலகை பலகையாக அட்டைப்பெட்டியில் வந்தது. பூட்ட வந்தவர் கீழ்பென்னாத்தூர்க்காரர். ஒல்லி, காதில் பென்சில். சாய்வு பார்க்கும் ரசமட்டத்தை ஒவ்வொரு தடவையும் மூக்குக்கண்ணாடி போலச் சட்டையில் துடைத்துவிட்டுத்தான் வைத்துப் பார்ப்பார்.

மேல் அலமாரியைச் சுவரில் வைத்தார். கீழே ஒட்டியது, மேலே ஒரு விரல் சந்து. ரசமட்டத்தைத் துடைத்துச் சுவரில் வைத்தார். மறுபடி துடைத்தார்.

“செவுரு யாருங்க கட்டனது?”

“நான்தான். ஏன்?”

அதற்குள் மருமகள் வந்துவிட்டாள். “என்னாங்க இது, இவ்ளோ சந்து?”

அந்தச் சுவரைப் பற்றி அவளிடம் நான் பீற்றிக்கொள்ளாத நாளில்லை.

“செவுரு நேராத்தான் கீதும்மா. பெட்டி கம்மி வெல, அதான் கோணல். ஒரு சக்க வச்சா சரியாப்பூடும்” என்றார் அவர்.

பழைய கதவுத் துண்டில் ஆப்பு மாதிரி ஒரு மரச்சக்கை சீவிக் கொடுத்தேன். சந்தில் செருகி முடுக்கினார். அலமாரி அசையவில்லை.

தான் பூட்ட வந்த சரக்கையே குறை சொல்லி என்னை ஏன் காப்பாற்றினார் என்பது இன்னும் எனக்குப் புரியவில்லை. மருமகளோ வருகிறவர்களிடமெல்லாம், “பெட்டி கோணல், பூட்ட வந்தவருதான் சரி பண்ணாரு” என்கிறாள்.

பெட்டி கோணல் இல்லை, சுவர்தான். சுவரை எழுப்பியவனும் நான், சக்கை சீவியவனும் நான். கோணலுக்கும் சரி, அதைச் சரி பண்ணியதற்கும் சரி, என் பெயரைத்தான் சொல்ல வேண்டும்.