மாட்டுப் பொங்கல் படம் வெளுத்த காரணம்

ஞாயிறு காலை ஏழே காலுக்குப் பிரிண்டரைப் போட்டேன். ஒன்பதரைக்குள் ஆறு போட்டோ தாள்கள் வீண். ஒவ்வொன்றின் பின்னாலும் மணியையும், அந்த முறை எதை மாற்றினேன் என்பதையும் பென்சிலால் எழுதியிருப்பதால் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

அச்சிட வேண்டியது ஒரே படம். மாட்டுப் பொங்கலன்று எங்கள் வேங்கிக்கால் வீட்டு மாடியில், மலை பின்னால் தெரிய, என் மகளை நான் எடுத்தது. கீழ்பென்னாத்தூரில் ஒரு வரன். பையனின் அப்பா போனில் படம் பார்க்க மாட்டாராம். ஜாதகத்தோடு தாளில் வேண்டுமாம். கொண்டுபோகிறவர் என் அக்கா. பன்னிரண்டுக்கு எமகண்டம் வருமுன் கொடுத்துவிட வேண்டும் என்று புடவை மாற்றி, பையோடு தயாராக உட்கார்ந்திருந்தார்.

வந்த படத்திலோ மகளின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர். அரக்குப் புடவை ரோஸாகியிருந்தது. மலை ஒரு சாம்பல் தீற்றல். தாள் வகையைச் சாதாவிலிருந்து பளபளப்புக்கு மாற்றினேன். தரத்தை உச்சத்தில் வைத்தேன். மை போகும் துளைகளை இருமுறை சுத்தம் செய்ததில் மைதான் குறைந்தது. சோதனைத் தாளில் நான்கு நிறமும் விட்டுப்போகாமல் வந்தன. கூட வந்த கையேட்டைப் புரட்டினால், விற்றவரை அணுகவும் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை யாரை அணுகுவது?

அக்கா ஆறாவதை எடுத்துப் பார்த்தார். "இதுக்கு என்னடா குறை? பளிச்சுனு இருக்கா. இதையே குடு."

"பளிச்சுனு இருக்கறது யாரு அத்தை? எனக்குத் தெரிஞ்சவங்களா?" என்றாள் மகள். சிரிக்கவில்லை. "நான் கறுப்பு. அதைப் பாத்துட்டு வரவங்க வரட்டும்."

கணினியில் அந்தக் கோப்பின் விவரத்தைத் திறந்தேன். மாட்டுப் பொங்கல் தேதி இருக்க வேண்டிய இடத்தில் நேற்றைய தேதி: சனிக்கிழமை, மாலை 6.42. அளவும் நான் எடுத்ததில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. சனிக்கிழமை அக்கா வாட்ஸ்அப்பில் "இதைப் போடு" என்று அனுப்பியதை, நான் கொடுத்த படம்தானே என்று திறந்துகூடப் பார்க்காமல் இறக்கி அச்சுக்குக் கொடுத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் தேதி பார்க்கிறவன், இதற்குப் பார்க்கவில்லை.

"என்னக்கா பண்ணீங்க?"

"போன்ல கொஞ்சம் வெளிச்சம் கூட்டி வச்சேன், அவ்ளோதான். கலர் கம்மின்னு ஒரு வார்த்தை வந்துடக் கூடாதில்ல."

இரண்டேகால் மணி நேரம் ஒரு பாவமும் அறியாத பிரிண்டரைத் திட்டியிருக்கிறேன். அக்காவைத் திட்டும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. என் போனிலிருந்து மூலப்படத்தை ஒயர் போட்டு எடுத்து அச்சிட்டேன். மகளின் நிறம் மகளின் நிறமாகவே வந்தது. மோவாய் மச்சம் தெரிந்தது. மலையில் பாறை பாறையாக எண்ணலாம்.

மகள் அதை அக்காவின் மடியில் வைத்தாள். "நேர்ல வந்தாங்கன்னா மாவு பூசிக்கிட்டா உக்காருவேன்?"

அக்கா அதைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தார். பிறகு மஞ்சள் கேட்டு வாங்கி, படத்தின் நான்கு மூலையிலும் விரலை அழுத்தி அழுத்தி வைத்தார். "வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா என்னைக் கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன். வாங்க, பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு வரேன்" என்று மகள் ஸ்கூட்டி சாவியை எடுத்தாள்.