சாமிக்கு விட்ட நாய்

எங்கள் குலதெய்வம் எழுமலையைத் தாண்டி, கண்மாய்க் கரையை ஒட்டிய பொட்டலில் இருக்கிறது. தூரப் பயணம் எதுவானாலும் அங்கே போய் ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் கிளம்புவோம். போன மே மாத விடுமுறையில் அண்ணன் தன் குடும்பத்தோடு வடநாட்டுச் சுற்றுலா போக ரயில் டிக்கெட் எடுத்திருந்தான். முந்தின நாள் காலையில் அவன் காரில் கோயிலுக்குக் கிளம்பினோம். முன்னால் அண்ணனும் மதினியும். பின்சீட்டில் நானும் அவர்கள் வீட்டு லாப்ரடார் நாயும். பிள்ளைகள் பழங்காநத்தத்தில் மதினியின் அம்மா வீட்டில் இருந்தார்கள்.

ஊரடங்கில் பிள்ளைகள் அழுது அடம்பிடித்து வாங்கிய நாய் அது. ஊரடங்கு முடிந்ததும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். நாய் வீட்டில் தங்கிவிட்டது. சோறு வைத்ததும் உதிர்ந்த முடியைப் பெருக்கியதும் மதினிதான். அண்ணன் நாயோடு போட்டோ எடுத்துக்கொண்டான். விடுமுறைக்கு நாய்களைப் பார்த்துக்கொள்ளும் இடங்களில் கடைசி வாரத்தில் போய்க் கேட்டிருக்கிறான், எல்லாம் நிறைந்துவிட்டதாம். என்னால் வைத்துக்கொள்ள முடியாது. விளாங்குடியில் அவன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகை மாடியில் இருக்கிறேன். நாய் ஆகாது என்று சொல்லித்தான் வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்தார்.

"நாய எங்கண்ணே விடப்போற?" என்று உசிலம்பட்டி தாண்டும்போது கேட்டேன்.

"அதெல்லாம் பாத்துக்கலாம்டா."

மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாய் என் மடியில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டு வந்தது.

தார் ரோட்டிலிருந்து மண்பாதையில் திரும்பியதும் முதல் நாயைப் பார்த்தேன். பாதையோரம் கருவேல நிழலில் படுத்திருந்தது. தட்டை மூக்கு, சுருண்ட வால், கழுத்தில் இற்றுப்போன பட்டை. டவுனில் சோபாவில் கிடக்கும் ஜாதி. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் ஒன்று. கோயில் வரைக்கும் இப்படியே இடம் விட்டு இடம் விட்டுப் படுத்துக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் முகம் ரோட்டைப் பார்த்தே இருந்தது. ஒன்றுகூடக் குரைக்கவில்லை. புதுக் காரைப் பார்த்துக் குரைக்காத நாயை அதற்குமுன் நான் கண்டதில்லை.

கார் நின்றதும் எழுந்து வந்தன. டயரை மோந்தன. ஒரு வெள்ளைச் சடை நாய் பின்னங்காலில் நின்று, முன்னங்காலைக் கண்ணாடியில் ஊன்றி, முதலில் அண்ணன் முகத்தைப் பார்த்தது. அப்புறம் மதினியை. அப்புறம் என்னை. அவசரமில்லாமல், அடையாளம் சரிபார்க்கிற மாதிரி பார்த்தது. பிறகு இறங்கிப்போய்த் தன் இடத்தில் படுத்துக்கொண்டது.

பூசாரி வந்து கார் கதவைத் திறந்தார். "பயப்படாதீக, கடிக்காது. லீவு விட்டா இப்பிடித்தான். டவுனுக்காரவுக கொண்டாந்து விட்டுட்டுப் போயிருறாக. எந்த எடத்துல எறக்கி விட்டாகளோ காரப் பாத்துட்டு அந்த எடத்துக்கே போயிப் படுத்துக்கிரும். ரெண்டு நாளைக்கு ஒருக்கா சோத்த வைக்கிறேன். திங்கிறது திங்கும்."

"திங்காதது?" என்றேன்.

அவர் விளக்கேற்றப் போனார்.

பூசை முடிந்தது. அண்ணன் திருநீறு பூசிக்கொண்டு, ஒரு செம்பில் தண்ணீரோடு நாயைப் பாதையோரம் கூட்டிப்போனான். எங்கள் பக்கம் கிடா வெட்டுமுன் அதன் தலையில் தண்ணீர் தெளிப்பார்கள். கிடா உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாத கிடாவுக்காக மணிக்கணக்கில் கைகூப்பிக் காத்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அண்ணன் அந்தத் தண்ணீரை நாயின் தலையில் ஊற்றினான். "சாமி, ஒங்கிட்ட விடுறேன். ஏத்துக்க."

நாய் தலை முதல் வால் வரை உதறியது. மூன்று பேர் மேலும் தெறித்தது.

"சிலுப்பிருச்சுடா!" அண்ணன் கண்ணை மூடிக் கும்பிட்டான். நிஜமான பக்தி. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"அண்ணே, நாய் மேல தண்ணி ஊத்துனா சிலுப்பாம வேற என்ன செய்யும்? நீ சாமியக் கேட்டியா, சாமிகிட்ட சாக்குக் கேட்டியா?"

"வாய மூடு. சாமி காரியத்துல வெளாடாத."

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். தேங்காய்க்காவது உயிர் கிடையாது. கழுத்துப்பட்டையிலிருந்து கயிற்றைக் கழற்றிச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு அண்ணன் காருக்கு நடந்தான். மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி பின்னால் போனார்.

நாய் ஓடிவரும், அப்போது பிடித்து ஏற்றிவிடலாம் என்று நின்றேன். அது ஓடிவரவில்லை. தரையை மோந்து ஒரு சுற்றுச் சுற்றியது. சடை நாய்க்கும் அடுத்த நாய்க்கும் நடுவில் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அங்கே போய்ப் படுத்து, முன்னங்கால்களை நீட்டி, ரோட்டைப் பார்த்தது. யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி இருந்தது. காலையில் என் மடியில் தூங்கிய நாய், கார் கிளம்புவதற்குள் அந்த வரிசையில் ஒன்றாகிவிட்டது. எனக்குப் பயமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது.

"ஏறுடா!" என்று அண்ணன் ஹாரன் அடித்தான்.

நான் நாயிடம் போனேன். கூப்பிட்டேன், எழவில்லை. குனிந்து இரண்டு கையாலும் தூக்கினேன். கனமான நாய், துளியும் திமிறாமல் மூட்டையாகத் தொங்கியது. நிமிர்ந்தால், மற்ற எல்லா நாய்களும் எழுந்து நின்றன. சத்தமே இல்லை. நான் நடந்தேன். அவையும் நடந்தன. காய்ந்த மூக்குகள் என் கெண்டைக்காலில் உரசிக்கொண்டே வந்தன. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"கீழ விடுடா! சாமிக்கு விட்டது, திருப்பிக் கொண்டுபோனா குத்தம்டா!" அண்ணன் காரிலிருந்து இறங்கிவிட்டான். "பூசாரி, நீங்களாச்சும் சொல்லுங்க."

பூசாரி வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். "ஆட்டுக்குன்னா சொல்லிப்புடுவேன் தம்பி. நாய்க்கு எனக்கு வெவரம் தெரியாது. என்னைய இதுல இழுக்காதீக."

"குத்தம் என் தலையில விழட்டும்ணே. கதவத் தொற."

அவன் திறக்கவில்லை. மதினி உள்ளேயிருந்து கையை நீட்டிப் பின்கதவைத் திறந்தார். நான் நாயைச் சீட்டில் போட்டு ஏறுவதற்குள், அந்த வெள்ளைச் சடை நாய் என் காலிடுக்கில் நுழைந்து உள்ளே தாவ எக்கியது. ஏற முடியவில்லை, வயசாகியிருந்தது. அதை முழங்காலால் தள்ளிக் கதவைச் சாத்தினேன். தார் ரோடு தொடங்கும் இடம் வரை எல்லாம் கூடவே வந்து, அங்கே நின்றுகொண்டன.

திரும்பும் வழியெல்லாம் என் மேல் ஈர நாய் வாடை. நாய் சீட்டில் எப்படிப் போட்டேனோ அப்படியே கிடந்தது.

விளாங்குடிக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. அண்ணன் வாசல் கேட்டைத் திறந்து காரை உள்ளே விட்டான். மதினி பின்கதவைத் திறந்து, "எறங்குடா, வீடு வந்துருச்சு" என்றார். நாய் இறங்கவில்லை.

பிஸ்கட் காட்டினார். அதற்குப் பிடித்த கோழிக்கறியைக் கொண்டுவந்து தரையில் வைத்தார். மூக்கு மட்டும் அசைந்தது. நான் கழுத்துப்பட்டையைப் பிடித்து மெல்ல இழுத்தேன். நான்கு காலின் நகங்களையும் சீட்டில் ஊன்றிக்கொண்டது.

"தள்ளுங்க, நான் எறக்குறேன்" என்று அண்ணன் வந்தான். அவன் கை பட்டதும் நாயிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. உறுமலும் இல்லை, அழுகையும் இல்லை. இத்தனை வருஷத்தில் நாங்கள் யாரும் கேட்டிராத சத்தம். அண்ணன் கையை எடுத்துவிட்டான்.

பிறகு செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, காரில் ஏறி, நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளேயிருந்து கதவைச் சாத்திக்கொண்டான். அவன் என்ன சொன்னான், ஏதாவது சொன்னானா என்று எனக்குக் கேட்கவில்லை.

வெளிச்சம் மங்கிய பிறகு மதினி கண்ணாடியைத் தட்டினார். "துணி எடுத்து வைக்கணும். விடியக்காலைல ரயிலு."

அண்ணன் கண்ணாடியைப் பாதி இறக்கினான்.

"பிள்ளைகளும் நீயும் போயிட்டு வாங்க" என்றான்.