யோகேஸ்வரன் அண்ணை மரைக்குத் தோட்டா தேர்ந்த கதை

நான் மெல்பேர்னுக்கு வந்து, ஸ்பிரிங்வேலில் யோகேஸ்வரன் அண்ணை வீட்டுப் பின்னறையில் குடியேறியது எழுபத்தேழாம் ஆண்டு. பொறியியல் பட்டம் கையில் இருந்தது. எங்கள் பரம்பரையில் பெயருக்குப் பின்னால் பட்டம் எழுதிக்கொண்ட முதல் ஆள் நான்தான். வந்த அன்றைக்கே அதை அவரிடம் சொல்லிவிட்டேன்.

"நல்லது தம்பி," என்றார். "கணக்கு வருமோ?"

"என்ன அண்ணை, கணக்கிலைதான் நான் கெட்டி."

"அப்ப முதல்லை சாப்பிடு. பிறகு ஒரு கணக்கு இருக்கு."

ஏதோ வேலைக்குப் பரீட்சை வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். நான் கோப்பையைக் கழுவி வைத்ததும், குசினி மேசையில் இரண்டு தோட்டாக்களை நிமிர்த்தி வைத்தார். இரண்டின் நுனியிலும் இருந்த ரவை, பாய்ந்து போகும் குண்டு, ஒன்றேதான்; அதே பருமன், அதே நிறை. பின்னால் வெடிமருந்தை அடக்கியிருந்த பித்தளைக் கோதுதான் வேறு. ஒன்று குட்டை. அதற்குப் பெயர் மூன்று பூச்சியம் எட்டு. மற்றது என் நடுவிரலை விட நீளம், அடியில் அரைப்பட்டி கட்டினாற்போல் ஒரு வளையம். அது முந்நூறு மேக்னம்.

"பள்ளத்தாக்குக்கு அங்காலை ஒரு மரை நிக்குது," என்றார் அண்ணை. "ஒரே வெடியிலை, நோகாமல், நிண்ட இடத்திலை விழவேணும். எது?"

"மரையோ? இஞ்சையோ?"

நான் வன்னிக் காட்டோரத்தில் பிறந்தவன். மரை என்றால், அந்தப் பெரிய காட்டுமான், எனக்குத் தெரியும். ஆனால் அது அவுஸ்திரேலியாவில் எப்படி? அண்ணை சிரித்தார். நூறு வருடங்களுக்கு முன்பே வெள்ளைக்காரர்கள் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் மரைகளைக் கப்பலேற்றி வந்து விக்டோரியாவில் விட்டார்களாம். அவை மலையேறிப் பெருகிவிட்டன. எனக்கு மெய் சிலிர்த்தது. நானே நாலு பேர் கடிதம் தந்து, மூன்று பேர் கேள்வி கேட்டு வந்து சேர்ந்தவன். அவை எனக்கு முன்னரே வந்து, கேட்பாரின்றி மலையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன!

யோகேஸ்வரன் அண்ணை சாவகச்சேரிக்காரர். ஊரில் துவக்கைத் தொட்டவரே இல்லை. டண்டினோங்கில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையொன்றில் அச்சு வெட்டுபவர். கூட வேலை செய்த கெவின் என்பவர் ஒருமுறை மலைக்குக் கூட்டிப்போய் ஒரு மரையைக் காட்டினார். அதோடு அண்ணைக்கு வேறு பொழுதுபோக்கு இல்லாமல் போயிற்று. உரிமம் எடுத்தார், மேக்னம் துவக்கு வாங்கினார்.

ஆனால் நான் வருவதற்கு முந்திய குளிர்காலத்தில் ஒரு கேடு நடந்திருந்தது. அவர் சுட்ட ஒரு கலை, அதுதான் ஆண் மரை, காயத்தோடு ஓடிவிட்டது. பன்னச் செடியின் இலையில் இரத்தம் இருந்தது, மரை இல்லை. இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து இறைச்சி தொடாமல் இருந்தாராம்.

ரஞ்சினி அக்கா அவருடைய மனைவி, பாடசாலையொன்றில் உதவியாளர். ஒரு சொல் சொல்லி வைத்திருந்தார்: "சாகடிக்கிறதெண்டால் சாகடியுங்கோ. சித்திரவதை செய்யாதையுங்கோ. இன்னும் ஒண்டு அப்பிடிப் போனால் உந்தத் துவக்கு இந்த வீட்டிலை இல்லை." அண்ணையும் ஓமென்று தலையாட்டியிருந்தார். அவருக்கு அது பகிடி இல்லை என்பது, அந்த இரண்டு தோட்டாக்களையும் அவர் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

துவக்குக் கடைக்காரர் இன்னும் பெரிய தோட்டாவுக்குப் போகச் சொன்னார். கெவின் சின்னதுக்கு வரச் சொன்னார். நான் கணக்கில் இறங்கினேன். ரவையின் வேகம், காற்றின் தடை, தூரத்துக்குத் தூரம் அது விழும் அளவு. வரைபடம் கீறி, நிறம் தீட்டி, மேசையில் விரித்தேன். மேக்னத்தின் கோடு மேலே நின்றது. குறைவாக விழும், கூடப் பலமாக அடிக்கும்.

"மேக்னம்தான் அண்ணை. கணக்கு பொய் சொல்லாது."

"பாரும், எஞ்சினியர் சொல்லிப்போட்டான்," என்று அக்காவைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார்.

அந்தச் சனிக்கிழமை அக்காவோடு மூன்று பேரும் சுடுகளத்துக்குப் போனோம். அண்ணை வாங்குப் பலகையின் மேல் துவக்கைத் தாங்கி வைத்துச் சுட்டார். அந்தச் சத்தம் என் வயிற்றுக்குள் கேட்டது. நான் தூரதரிசினியால் இலக்குத் தாளைப் பார்த்தேன். ஓட்டைகள் தாள் முழுக்கச் சிதறிக் கிடந்தன. வேறொரு கம்பனியின் தோட்டாவைப் போட்டோம்; அதுவும் அப்படியே. துவக்கின் மேலிருந்த குறிபார்க்கும் கண்ணாடியைத் திருகினோம். காற்றைக் குறை சொன்னோம்.

அக்கா பின்னால் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். "இஞ்சாருங்கோ," என்றார். "நீங்கள் ஏன் கண்ணை மூடுறியள்?"

"ஆர் மூடினது?"

"நீங்கள்தான். ஒவ்வொரு வெடிக்கும் முதல் மூடுறியள். பல்லையும் கடிக்கிறியள்."

"உமக்கென்ன தெரியும்? இலக்கைப் பாரும்!"

"இலக்கை நீங்கள் ரெண்டுபேரும் பாக்கிறியள்தானே. நான் உங்களைப் பாக்கிறன்." பிறகு என்னைக் கூப்பிட்டு, மெதுவாக, "தம்பி, இனித் தோட்டாவை நீ போட்டுக் குடு. இடையிலை ஒரு வெடிச்ச வெறுங்கோதை வை. அவருக்குச் சொல்லாதை," என்றார்.

அப்படியே செய்தேன். அண்ணை குறிபார்த்தார், விசையை இழுத்தார். 'டிக்' என்றது. வெடி இல்லை. ஆனால் வராத அந்த உதைக்குப் பயந்து அவர் தோள் குலுங்கியது. குழல் நுனி கீழே குத்தியது. கண்கள் இறுக மூடியிருந்தன. அக்காவும் நானும் பார்த்தோம். குழல் கீழே கிடந்ததை, கண்ணைத் திறந்ததும் அவரும்தான் பார்த்தார்.

அவர் முகம் இருண்டு போயிற்று. "அப்ப அந்தக் கலை..." என்றார்.

எனக்கு இன்றுவரை வியப்பு, அதற்குப் பிறகு அவர் செய்ததுதான். வீம்பு பிடிக்கவில்லை, எங்களைக் கோபிக்கவுமில்லை. திங்கட்கிழமையே மேக்னத்தைக் கடையில் கொடுத்து, மூன்று பூச்சியம் எட்டாக மாற்றிக்கொண்டார். "என்னப்பா, பொம்பிளையளின்ரை துவக்குக்கு வந்திட்டாய்?" என்று கடைக்காரர் சீண்டினாராம். "ஓம், என்ரை மனுசிதான் தெரிஞ்செடுத்தவ," என்று சொல்லிவிட்டு வந்தார்.

நானும் புதுக்கணக்குப் போட்டேன். இருநூற்றைம்பது மீட்டரில் இரண்டு ரவைகளும் விழுவதில் இரண்டு விரல் அகலம்தான் வித்தியாசம். முதற்கணக்கிலும் அது இருந்தது. கோடு மேலே நிற்கிற பெருமையில் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இரண்டு விரலுக்காக ஒரு மனிதன் கண்ணை மூடுவதா!

பிறகு மாதக்கணக்காகப் பயிற்சி. கெவினின் தமையனுடைய மேய்ச்சல் நிலத்தில், அக்காவின் பழைய தகரச் சாப்பாட்டுக் கோப்பையைத் தூரத்தூர வைத்துச் சுட்டார். அதற்குள் ஒவ்வொரு வெடியும் விழுகிற தூரம் எதுவோ, மரைக்கும் அதுதான் எல்லை. அதற்கு மேலே சுடுவதில்லை என்று தனக்கொரு சட்டம் வைத்தார்.

அடுத்த யூன் மாதம், லிக்கோலாவுக்கு அப்பால் மலை. புல்லெல்லாம் உறைபனி. விண்ணைத் தொடுகிற யூக்கலிப்டஸ் மரங்களுக்குக் கீழே அண்ணாந்து பார்த்தபடியே நடந்தேன். வரைபடத்தில் நான் ஏற்கனவே அளந்து வைத்த இடத்தில் படுத்திருந்தோம். எதிர்ச் சரிவிலுள்ள புல்வெளி, அண்ணையின் எல்லைக்குள்தான். பனிப்புகார் விலகியபோது அது அங்கே நின்றது. கரிய கலை. கொம்பில் வெயில். மூச்சு புகையாய்ப் போனது. எங்கள் காட்டில் இருட்டுக்குள் ஓடும் நிழலாகத்தான் மரையைக் கண்டிருக்கிறேன். முழு உருவத்தை முதன்முதலாகக் கண்டது அங்கேதான்.

"சுட்டவுடனை துவக்கு உதைக்கும், எனக்குக் கண்ணாடிக்குள்ளை ஒண்டும் தெரியாது," என்று அண்ணை கிசுகிசுத்தார். "அது எங்கை போகுதெண்டு நீ பார். கண்ணை எடுக்காதை."

"ஓம் அண்ணை."

வெடித்தது. எதிரொலி மலை மலையாகப் போய்த் திரும்பி வந்தது.

"விழுந்ததோ?"

"தெரியாது அண்ணை."

"என்னடா தெரியாது?"

"நான் உங்கடை கண்ணைத்தான் பாத்தனான். திறந்திருந்தது."

"அட பட்டதாரி! உனக்கு ஒரேயொரு வேலைதானே தந்தனான்!"

புல்வெளியில் மரை தெரியவில்லை. பள்ளத்தில் இறங்கி, ஓடையைக் கடந்து, கொடிகளைப் பிடித்து ஏறினோம். சரிவை அடைந்ததும் அவர் முதலில் பன்னத்தின் இலைகளைத்தான் பார்த்தார். ஒரு இலையில் இரத்தம் இருந்தது. அவர் அப்படியே நின்றுவிட்டார்.

நான் முன்னால் போனேன். விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குப் பின்னால், கொம்புகள் தெரிந்தன. நின்ற இடத்திலிருந்து ஓரடி கூட எடுத்து வைக்கவில்லை; அப்படியே மடிந்திருந்தது. இலையில் இருந்தது, வெடி பட்டதும் தெறித்த இரத்தம். தோளுக்குப் பின்னால் ஒரே ஒரு துளை.

"அண்ணை, இஞ்சை!"

அவர் வந்து தொப்பியைக் கழற்றினார். அதன் கழுத்தில் கை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். நானும் தொட்டுப் பார்த்தேன். சூடு இன்னும் இருந்தது.

வீட்டு வாசலில் ரஞ்சினி அக்கா நின்றார். காருக்குள் எட்டிப் பார்க்கவில்லை. அண்ணையின் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். குசினியில் பெரிய இறைச்சிச் சட்டியை மேல்தட்டிலிருந்து இறக்கும் சத்தம் கேட்டது.