அளவுக் கயிறும் எங்கள் மலசலகூடமும்

அன்று இடம் பார்க்க வந்தவர்கள் பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் கிராம சேவகரும். எங்கள் பக்கத்தில் அப்பா, அம்மா, நான். கல்யாண மண்டபம் கட்டவென்று வாவிக்கரைப் பள்ளக்காணியை நிரப்ப அனுமதி கேட்ட முதலாளி வரவில்லை, தன் மச்சானை அனுப்பியிருந்தார். அனுமதி கொடுக்கக் கூடாதென்று நான் எழுதிய மனுவில் கையெழுத்து வைத்த அயலவர்களில் ஒருவரும் வரவில்லை.

மாரியில் வட்டை வயல்கள் முழுக்க நிற்கும் வெள்ளம் அந்தப் பள்ளத்தால்தான் வாவிக்கு இறங்கும். அதை மூடினால் தண்ணீர் எங்கள் வீடுகளுக்குள் வரும். அனுமதி வருமுன்னரே முதலாளியின் ஆட்கள் ஒரு மூலையில் கண்டல் மரங்களை வெட்டி கிரவல் மண் கொட்டிவிட்டார்கள். வாவியோரம் ஒதுக்கு விடவேண்டும், அதற்குள் நிரப்பவோ கட்டவோ கூடாது என்ற விதியைத் தேடி வாசித்துத்தான் மனு எழுதினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் படித்து முடித்த முதல் ஆள் நான். கந்தோருக்குக் கடிதம் எழுதத் தெரிந்தவன் என்ற பெருமை எனக்கு இருந்தது.

உத்தியோகத்தர் தண்ணீர் விளிம்பிலிருந்து நாடா பிடித்து ஒதுக்கின் எல்லைக்கு முளை அடித்தார். முளைகளை இணைத்துக் கட்டிய கயிறு முதலாளியின் காணியைத் தாண்டி எங்கள் வளவுக்குள்ளும் வந்தது. எங்கள் மலசலகூடம் கயிற்றுக்கு வாவிப் பக்கமாக நின்றது.

மச்சான் சிரித்தார். "தம்பி சட்டம் படிச்ச ஆள். முதல்ல உங்கட கக்கூசுக்கு அனுமதியக் காட்டுங்க."

பிறகு அவர் அப்பாவின் தோளில் கை போட்டார். "அண்ணன், மகன்ட மனுவ எடுத்திருங்க. மறுகா நாங்க உங்கட கக்கூசக் காணல்ல, நீங்க எங்கட கிரவலக் காணல்ல."

அப்பா தோணியில் மீன் பிடிப்பவர். இரண்டு பெண் பிள்ளைகள் உள்ள வீட்டில் மலசலகூடம் இல்லாமற் போவதை நினைத்திருப்பார்.

"விடு மகன்," என்றார்.

"ஐயா, எங்கடதையும் எழுதுங்க," என்றேன் உத்தியோகத்தரிடம். "எங்கடத முதல்ல எழுதுங்க."

"நல்ல வீறாப்பு," என்றார் மச்சான். "இனி வீட்டுப் பொம்புளைகள் எங்க போற?"

அம்மா முன்னால் வந்தார். "வெள்ளம் வீட்டுக்க வந்தா அந்தக் கக்கூசுக்கும் நீந்தித்தான் போகணும். நீங்களா தோணி கொண்டு வருவீங்க? உடைக்கிறம், எழுதுங்க ஐயா."

கிராம சேவகர் மறுபக்கம் திரும்பிச் சிரித்தார். உத்தியோகத்தர் கிரவலையும் எழுதினார், கக்கூசையும் எழுதினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் சம்மட்டியால் உடைத்தோம். எனக்கு அதில் வெட்கமில்லை. எங்கள் குழியின் கசிவும் அதே வாவிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. சத்தம் கேட்டு முன்வீட்டு மாமி வந்தார். அவரும் கையெழுத்து வைத்துவிட்டு வராமல் நின்றவர்தான்.

"அண்டைக்குப் பயத்தில வரல்ல," என்றார் அம்மாவிடம். "என்ட வளவுப் படலை திறந்துதான் இரிக்கும். புள்ளைகள அனுப்புகா."

முதலாளிக்கு அனுமதி கிடைக்கவில்லை. கொட்டியதையும் அள்ளச் சொல்லிச் சபை கடிதம் அனுப்பியது. டிப்பர் வந்து அள்ளிய நாளில் அப்பா தொழிலுக்குப் போகாமல் வேலியில் சாய்ந்து நின்று பார்த்தார். அந்த மாரியில் வெள்ளம் பள்ளத்தால் இறங்கி வாவிக்குப் போனது.

புது மலசலகூடத்தை றோட்டுப் பக்கமாக, அனுமதி எடுத்தே கட்டினோம். கல், சீமெந்து, மேசன் கூலி, சபைக்குக் கட்டிய கட்டணம் எல்லாமாக ஒரு இலட்சத்துப் பன்னிரண்டாயிரம் ரூபா.