முப்பத்தோராம் நாளுக்குப் பின் வந்த சனிக்கிழமை

என் கணவர் இறந்த முப்பத்தோராம் நாள் பூசை வியாழக்கிழமை தேவாலயத்தில் முடிந்தது. சனிக்கிழமை காலை ட்ரம்ஸ் குச்சிகளைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் அவருடைய தங்கை மறித்தாள்.

“மச்சாள், ஆக்கள் என்ன கதைப்பினம்? இப்பவே அடிக்கப் போறீங்களோ?”

“ஓம், போறன்” என்றேன். அவர் போனதிலிருந்து எனக்கு அழுகை வரவில்லை. நேரத்துக்குச் சாப்பிட்டேன், நேரத்துக்குப் படுத்தேன்.

எங்கள் ஊரின் ஓர்ஸ் ஹில் பகுதியில் ஒரு மண்டபத்தின் பின்னறையில் ஆறு வருடமாக நாங்கள் இருவர் வாசித்து வந்தோம். நான் ட்ரம்ஸ். கிட்டார் வாசிப்பவர் கிண்ணியாவிலிருந்து மோட்டார்சைக்கிளில் வருவார். வயரிங் வேலை செய்பவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். வாசிப்பது ஜாஸ். முன்கூட்டித் தீர்மானித்த பாட்டு என்று ஒன்றும் கிடையாது. ஒருவர் எதையாவது தொடங்குவார். மற்றவர் அதைக் கேட்டுப் பதில் வாசிப்பார். என் கணவர் ஒரேயொரு முறை வந்து, கால் மணி நேரம் கேட்டுவிட்டு, “இது எப்ப தொடங்கும்?” என்றார்.

அன்று கிட்டார்காரர் எனக்கு முன்பே வந்து கதிரையில் இருந்தார். அடக்கத்துக்கு வந்தபோதே துக்கம் விசாரித்துவிட்டதால் மறுபடி ஒன்றும் கேட்கவில்லை. தடித்த கம்பியில் மெதுவாகத் தொடங்கினார். நான் சேர்ந்துகொண்டேன். கைகள் பிசகாமல் அடித்தன. அவை என்னுடையவை என்று தோன்றவில்லை.

சிறிது நேரத்தில் அவர் நிறுத்தினார்.

“அக்கா, கை சரியாத்தான் போகுது. ஆனா நான் வாசிக்கிறது ஒண்டும் உங்களுக்குக் கேக்கல்ல.”

“கேக்குது தம்பி. பதில்தான் வரேல்ல.”

“இண்டைக்கு விடுவமா?”

“வேணாம். வீட்டை போனாலும் சும்மாதான் இருப்பன்.”

அவர் யோசித்தார். “அப்ப நீங்க அடியுங்க. நான் பின்னால வாறன்.”

அடித்தேன். ஒரே அடி, ஒரே வேகம். ஒவ்வொரு அடிக்கும் அவர் ஒரு சுரம் மட்டும் வைத்தார். என்னை எங்கேயும் இழுக்கவில்லை. முக்கால் மணி நேரம் அப்படியே போனது. மணிக்கட்டு வலித்ததால் நிறுத்தினேன். பிறகு பால் சேர்க்காத பிளேன்டீ குடித்தோம். தம்பலகாமத்தில் ஒரு வீட்டுக்கு வயர் இழுப்பதாகவும், யானை வந்து மதிலை உடைத்ததில் வேலை பிந்திவிட்டதாகவும் சொன்னார். தலையாட்டினேன்.

அடுத்த இரண்டு சனிக்கிழமைகளும் இப்படித்தான். நான்காவது வாரம் இடையில் என் கை தானாக நின்றுவிட்டது. அவர் மூன்று சுரங்களை வாசித்துவிட்டுக் காத்திருந்தார். மூன்றும் எனக்குத் தனித்தனியாகக் கேட்டன. சிம்பல் தகட்டின் ஓரத்தில் மெல்ல ஒரு தட்டுத் தட்டினேன்.

“ஆ” என்றார். அவ்வளவுதான்.

எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, துக்கமும் வரவில்லை. குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி, அவர் அடுத்து என்ன வாசிக்கப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.