ஏழு அறை, ஓர் ஆள்

தேவயானி முதலில் வாசற்படியைத்தான் போடுவார். நாள்காட்டியில் முந்தின நாள் கிழித்த தாளைத் திருப்பி வைத்துப் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு. அது படி. படிக்குப் பின்னால் ஒரு கட்டம், அது கூடம். அதற்கும் பின்னால் சமையல்கட்டு, ஓரத்தில் மாடிக்கு ஏறும் வழி. வீடு எழும்பியதும் கணினித் திரையைப் பார்த்துப் பார்த்து ஆட்களைக் குடியேற்றுவார். பெரியவர்களுக்குப் பெரிய புள்ளி, குழந்தைக்குச் சின்னப் புள்ளி. யார் எந்த அறையில் படுக்கிறார்கள் என்பது தெரியாமல் அந்தப் படிவத்தில் அவர் கை வைத்ததில்லை. தெரியாவிட்டால் பக்கத்து நாற்காலியைக் கேட்பார்.

"ஏம்மே ஸ்ரீதேவி, இந்தப் பையன எங்க பட்க்க வெக்கிறது?"

"கூடத்துலயே பட்க்கட்டும்க்கா. வயசுப் பையன்தானே" என்பாள் ஸ்ரீதேவி, தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தப் பையனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அமெரிக்காவில், கடலோர ஊர் ஒன்றில், அம்மா அப்பாவோடு இருக்கிறான். அவனுக்குப் படுக்க இடம் கிடைத்ததோ இல்லையோ, திருப்பதி ரேணிகுண்டா சாலையில், பாத்திரக்கடைக்கு மேல் இரண்டாம் மாடியில் இருக்கும் அந்த அலுவலகத்தில் அவனைப் பற்றி இரண்டு பேர் கவலைப்பட்டார்கள்.

அங்கே வேலை இதுதான். வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் யாரையாவது பேட்டி எடுத்து அனுப்புவார்கள். படித்துப் பார்த்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எண் போட வேண்டும். வசதியென்றால் ஒன்று, நடுத்தரமென்றால் இரண்டு, கஷ்டமென்றால் மூன்று. இந்த முறை பேட்டிகளில் வந்திருந்தவர்கள் இரண்டு கூட்டத்தார். ஸ்லோவாக்கியா பக்கத்திலிருந்து ஒரு காலத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போய் எஃகு ஆலையிலும் சுரங்கத்திலும் சேர்ந்தவர்களின் வாரிசுகள் ஒரு பக்கம். போர்ச்சுகலிலிருந்து போய் மீன்படகிலும் நூற்பாலையிலும் உழைத்தவர்களின் வாரிசுகள் இன்னொரு பக்கம். இரண்டு பேருமே வெறுங்கையோடு போய் இறங்கியவர்கள். இன்றைக்கு யார் நன்றாக இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

தேவயானி அவர்களுக்குச் சுருக்கமாகப் பெயர் வைத்திருந்தார். இரும்பு வீட்டுக்காரங்க, மீன் வீட்டுக்காரங்க.

சாய்குமாருக்கு அவரைப் பார்த்துக்கொண்டிருப்பது பிடிக்கும். இருபத்தெட்டு வயதில் இருபத்தாறு பேருக்கு டீம் லீடர், சித்தூர்க்காரன், அதிகம் பேசாதவன். மற்றவர்கள் நாளொன்றுக்கு எழுபது படிவம் முடிப்பார்கள். தேவயானி நாற்பதைத் தாண்ட மாட்டார். ஆனால் யாரும் பார்க்காததை அவர் பார்த்துவிடுவார். சம்பளம் நன்றாக வருகிறது என்று ஒருவர் சொல்லியிருப்பார். நாலு பக்கம் தள்ளி, பல்வலியோடு ஆறு மாதம் இருந்தேன் என்றும் சொல்லியிருப்பார். "டாக்டராண்ட போவாதவன் இன்னா வசதி?" என்பார் தேவயானி. பதினோரு வருடம் நகரி, புத்தூர், சத்தியவேடு என்று வீடு வீடாக ஏறி இறங்கிக் கணக்கெடுத்தவர் அவர். அந்தப் பழக்கம். "வாய்ல சொல்றத எழுதிக்கோ, ஆனா வாசல்ல கீற செருப்ப எண்ணிப் பாரு" என்பது புதிதாக வருகிறவர்களுக்கு அவர் தரும் ஒரே பயிற்சி.

அந்தப் பதினோரு வருடம் அவருடைய வலது முழங்காலை வாங்கிக்கொண்டது. புத்தூரிலிருந்து காலை ரயிலில் வந்து இரண்டு மாடி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நிற்பார். ஏறிவிட்டால் போதும். நாற்காலியில் சாய்ந்து இரண்டு கையாலும் அதன் கைப்பிடியைத் தட்டிக்கொடுப்பார், மாட்டைத் தட்டிக்கொடுப்பது போல. "உக்காந்து செய்ற வேல நைனா. எங்க வம்சத்துலயே மொத ஆளு நான்தான்" என்று சாய்குமாரிடம் சொல்லியிருக்கிறார். கணக்கெடுப்பிலிருந்து அவரை இந்த நாற்காலிக்குச் சிபாரிசு செய்தவன் அவன்தான்.

ஒரு திங்கட்கிழமை அந்த நாற்காலிக்கு ஆபத்து வந்தது.

அனுப்பியவர்கள் சரிபார்த்திருந்தார்கள். இருபத்தைந்து பேர் போட்ட எண்களில் ஸ்லோவாக்கியர் மேலே, போர்ச்சுகீசியர் கொஞ்சம் கீழே. தேவயானி போட்டதில் மட்டும் எல்லாம் தலைகீழ். சாய்குமார் வரைபடத்தைத் திரையில் காட்டிவிட்டு, அவர் போட்ட படிவம் ஒன்றைத் திறந்தான்.

"அக்கா, இந்த வீட்டப் பாருங்க. மூணு மாடி. பதினோரு பேரு. ஆறு ரூமு. நீங்க ஒண்ணு போட்டுக்கீறீங்க."

"ஆமா. கீழ தாத்தா, நடுவுல பொண்ணும் மாப்ளயும், மேல பேரன். சொந்த வீடு. ஞாயித்துக்கெழம எல்லாரும் ஒண்ணா உக்காந்து மீன் துன்றாங்க. இதுக்கு மேல இன்னா வசதி வோணும் ஒரு மனுசனுக்கு?"

"அதி காது அக்கா, அது இல்ல. நீங்க நெனக்கிறது வேற, ரூலு வேற. ஒரு ரூமுக்கு ஒரு ஆளுக்கு மேல போனா மூணு. நெரிசல். கஷ்டப்படற குடும்பம்."

"நெரிசலா?" தேவயானி அந்தச் சொல்லை முதல் தடவையாகக் கேட்டவர் போல் பார்த்தார்.

ஸ்ரீதேவி நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு வந்தாள். "உங்க ஊட்ல எத்தினி பேருக்கா?"

"ஒம்போது."

"ரூமு?"

"தறி ஓடறத உட்டா நாலு."

ஸ்ரீதேவி காற்றில் விசையைத் தட்டினாள். "மூணு. பாவம், கஷ்டப்படற குடும்பம்."

"யாரு, நாங்களா? போன மாசம் மாமனாருக்கு எழுவதாங் கல்யாணம் பண்ணோம்மே. பந்தில எல பத்தாம உன்னயே ரெண்டாம் பந்திக்குத் தள்ளுனாங்க, மறந்துட்டியா?"

சிரிப்பு இரண்டு வரிசை தாண்டிப் போனது. சாய்குமார் சிரிக்கவில்லை. மின்னஞ்சலின் மீதிப் பகுதி அவன் கையில் இருந்தது. தேவயானி போட்ட இருநூற்றுப் பன்னிரண்டு படிவங்களையும் விதிப்படி திருத்த வேண்டும். வெள்ளி மாலை ஆறு மணிக்குக் கோப்பு தானாகப் பூட்டிக்கொள்ளும். அதிலிருந்து பத்தை அங்கே குலுக்கி எடுப்பார்கள். பத்தில் ஒன்று தப்பாக இருந்தாலும் அவர் இந்த வேலையிலிருந்து நீக்கப்படுவார். அப்படி நீக்கினால் நிறுவனத்தில் அவருக்கு மிச்சமிருப்பது பழைய கணக்கெடுப்பு மட்டும். சத்தியவேட்டு வெயில், வீட்டுக்கு வீடு படி.

தேவயானி மின்னஞ்சலைப் படித்தார். ஒரு தரம்தான். பிறகு பென்சிலைப் பைக்குள் போட்டு மூடினார்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அவர் வீடு வரையவில்லை. ஆட்களைக் கூட்டினார், அறையால் வகுத்தார், எண்ணைப் போட்டார். ஒரு நாளைக்கு அறுபது, அறுபத்தைந்து என்று போனது. மூன்று மாடி வீட்டுத் தாத்தா மூன்றானார். ஐம்பத்திரண்டு வயதுப் பையன் வீடு மூன்றானது. மனைவி போய்ப் பிள்ளைகள் வேறு மாநிலம் போய்த் தோட்டத்தோடு தனியாக இருந்த இரும்பு வீட்டுக்காரர்கள் வரிசையாக ஒன்றானார்கள். யாரை எங்கே படுக்க வைப்பது என்று ஒருவரும் ஸ்ரீதேவியைக் கேட்கவில்லை. அவளே பொறுக்காமல், "இன்னாக்கா, இன்னிக்கு யாரும் நம்ம ஊட்டுக்கு வரலியா?" என்றாள். "வர்றாங்க, போறாங்க" என்றார் தேவயானி.

வெள்ளி மதியத்தோடு இருநூற்றுப் பதினொன்று முடிந்துவிட்டது. மிச்சம் நூற்றுப் பதினேழாம் எண்.

ஹெலன் என்ற எண்பத்து நாலு வயதுக்காரி. கணவர் எஃகு ஆலையில் மேஸ்திரியாக இருந்து இறந்துபோனவர். சொந்த வீடு. ஏழு அறை. ஓய்வூதியம், கார். விதிப்படி எந்தச் சந்தேகமும் இல்லாத ஒன்று. மற்றவர்கள் என்றால் பத்து வினாடி வேலை. தேவயானி பேட்டியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். எந்தெந்த அறையைப் புழங்குகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சமையலறையை மட்டும் என்கிறாள் கிழவி. குளிர்காலத்தில் மற்ற ஆறு அறைக்கும் கணப்பு மூட்டுவதில்லை, கட்டிலையும் அங்கேயே இழுத்துப் போட்டாயிற்று. நேற்று யாரிடமெல்லாம் பேசினீர்கள்? தபால்காரருக்குக் கை காட்டினேன்.

ஐந்து மணிக்குச் சாய்குமார் அவர் மேஜைக்கு வந்து நின்றான். "அக்கா, ஒண்ணுதானே. மாத்திடுங்க."

"ஏழு ரூமுன்னு எழுதிக்கீறாங்க நைனா. அவங்க கீறது ஒரு ரூமுல. மிச்சம் ஆறும் யாரு கணக்குல வரும்? குளிரு கணக்குலயா?"

"ரூலு அத கேக்கல அக்கா."

"தெரியும். கேக்காதத நான் எழுதலியே. மூணு போட்டேன், மூணாவே கெடக்கட்டும்."

"பத்து எடுக்கறதுல இது வந்துட்டா?"

"வரட்டும்."

"திரும்ப வெயில்ல போவணும்."

"போறேன்." குரல் கொஞ்சம் ஓங்கியே வந்தது. அலுவலகம் திரும்பிப் பார்த்தது. "எரநூத்திப் பதினொண்ண நீ சொன்ன மாதிரி மாத்திக்கீறேன். இது ஒண்ண என் கையால மாத்த மாட்டேன். உன்னாண்ட சாவி கீது, நீ வேணா மாத்திக்கோ."

சாவி அவனிடம் இருந்தது உண்மை. டீம் லீடர் யாருடைய படிவத்தையும் திருத்தலாம். அவன் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தான். நூற்றுப் பதினேழு என்று தட்டினான், உள்ளே போகவில்லை. திறந்தால் மாற்றிவிடுவோம் என்று அவனுக்குத் தெரியும். மாற்றினால் அடுத்த திங்கட்கிழமை தேவயானியின் முகத்தைப் பார்க்க முடியாது என்றும் தெரியும். தட்டிய எண்ணை ஒவ்வொன்றாக அழித்தான். ஆறு மணி ஆனது. திரையின் மூலையில் பூட்டுப் படம் விழுந்தது. தேவயானி பையை எடுத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து, ஆறே முக்கால் ரயிலுக்கு இறங்கிப் போனார்.

அலுவலகத்தில் அவர் அன்றைக்குப் பெரிய ஆளாகிவிட்டார். "வெள்ளக்காரன் ரூலயே தூக்கிப் போட்டாங்கபா" என்று ஸ்ரீதேவி கீழே பாத்திரக்கடை வரைக்கும் சொல்லிவிட்டாள்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. பத்துக்குப் பத்தும் சரி. தேவயானிக்கு நாற்காலி நிலைத்தது. மறுநாள் அவர் அவித்த வேர்க்கடலை ஒரு தூக்கு நிறையக் கொண்டுவந்து எல்லா மேஜைக்கும் ஒரு பிடி வைத்தார்.

"கெழவி தப்பிச்சிட்டாக்கா, குலுக்கல்ல வரல" என்றாள் ஸ்ரீதேவி. "வந்திருந்தாலும் நீங்க அசைஞ்சிருக்க மாட்டீங்க. இல்லக்கா?"

"துன்னுமே. ஆறிடும்" என்றார் தேவயானி, ஒரு கடலையை உடைத்து அவள் கையில் வைத்து.

கோப்பு பூட்டிய வெள்ளிக்கிழமைக்கு இரண்டு மாதம் கழித்து அந்தத் திட்டமே முடிந்தது. முடிக்கும்போது ஒவ்வொரு படிவத்தையும் யார், எப்போது திறந்தார்கள் என்ற பதிவேட்டையும் சேர்த்து அனுப்ப வேண்டும். சாய்குமார் அதைக் கீழே நகர்த்திக்கொண்டே போனான். நூற்றுப் பதினேழில் நின்றான். மற்ற படிவங்களுக்கு இரண்டு வரி, மூன்று வரி. இதற்கு ஒரு பக்கம் நிறைய இருந்தது.

எல்லாம் தேவயானியின் உள்நுழைவு எண்ணிலிருந்துதான். அந்த வெள்ளிக்கிழமை ஐந்து இருபத்தொன்றுக்கு மூன்று ஒன்றாகியிருந்தது. ஐந்து இருபத்தாறுக்குத் திரும்ப மூன்று. ஐந்து நாற்பதுக்கு ஒன்று. ஐந்து நாற்பத்து மூன்றுக்கு மூன்று. ஐந்து ஐம்பத்தெட்டுக்கு ஒன்று. பூட்டு விழும்போது அது ஒன்றாகத்தான் இருந்தது.

வரிகள் அதோடு நிற்கவில்லை. பூட்டிய பிறகு படிவத்தைத் திறக்கலாம், படிக்கலாம், திருத்தத்தான் முடியாது. அடுத்த திங்கள் காலை ஒன்பது பன்னிரண்டுக்குத் திறந்து நான்கு நிமிடம். செவ்வாய் ஒன்பது பத்துக்கு, ஐந்து நிமிடம். கடலை கொண்டுவந்த அன்றும் ஒன்பது பதினொன்றுக்கு. அலுவலகம் இருந்த ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. மொத்தம் நாற்பத்தொரு காலை. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கணினி ஒரே குறிப்பைப் பதிந்திருந்தது: பார்வையிடப்பட்டது, மாற்றம் இல்லை.